குரல் நின்றால் மீன் விழும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் என் ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடுகிறபோது, காதருகில் வந்து கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனாலேயே எனக்குப் பாதிச் செவிடு என்று பெயர் வந்தது. அந்தச் சத்தத்தையும் தாண்டி என் காதுக்கு வந்து சேர்ந்த குரல் ஒன்றுதான். எங்கள் மூலையில் மீன் ஏலம் விட்ட அக்காவின் குரல். எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்த படகுக்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

இனிமையான குரல் என்று நினைத்துவிட வேண்டாம். தகரத்தை ரோட்டில் இழுத்துக்கொண்டு போவதுபோல இருக்கும். ஆனால் நிற்காது. ஒரு குவியல் மீனுக்கு முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தால், அது ஒருவர் கைக்குப் போகிறவரை மூடமாட்டாள். எப்போதுதான் மூச்சு வாங்குகிறாள் என்று வேலை வெட்டி இல்லாத நேரங்களில் உற்றுப் பார்த்திருக்கிறேன். வியாபாரி ஒருவன் விலையைக் கூட்டிக் கத்துவான் இல்லையா, அவன் சத்தத்துக்கு அடியில் திருட்டுத்தனமாக ஒரு வாய் காற்றை இழுத்துக்கொள்வாள். அவன் வாயை மூடுவதற்குள் இவள் திறந்துவிடுவாள்.

இந்த நிற்காத ஏலம் அவளே கொண்டுவந்த சட்டம். அதற்கு முன்னால் ஏலம் விட்டவர்கள் எல்லாம் ஆண்கள். நடுவில் வெற்றிலையைத் துப்புவார்கள், இருமுவார்கள், பீடி பற்றவைப்பார்கள். அந்த இடைவெளியில் கண்ணாலேயே பேச்சுவார்த்தை நடந்து, நல்ல மீன் தெரிந்தவன் கூடைக்குப் போய்விடும். படகுக்காரன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். அக்காவின் புருஷன் அப்போது மீன்பிடி லாஞ்சு ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த மீனே இப்படி ஒரு இருமலில் போனது. அடுத்த நாள் மூலையின் நடுவில் வந்து நின்றாள்.

"எச்சி துப்ப நேரம் கீது, இருமறதுக்கு நேரம் கீது. அந்த நேரத்துல கண்ணடிச்சிக்கவும் நேரம் கீது. இனிமே இங்க ஏலம் வுடறவங்க குரல் எங்க நிக்கிதோ, அங்கியே மீன் வுழுந்துடும். கடைசியா கேட்டவன் எடுத்துனு போலாம்."

"அப்ப நீயே ஏலம் வுடு, பாக்கலாம்" என்று யாரோ கேலி செய்தான்.

"வுடறேன். எனக்கும் அதான் சட்டம்."

இந்த "எனக்கும் அதான்" என்பதில்தான் அவள் இருந்தாள். வாயைவிட்டு ஒன்று வந்துவிட்டால் அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. மற்ற மூலைகளில் ஒரு தரம், ரெண்டு தரம் என்று சாவகாசமாக விட்டுக்கொண்டிருக்க, எங்கள் மூலையில் மட்டும் குரல் நின்றால் மீன் விழும் என்று ஆயிற்று. படகுக்காரர்கள் அக்காவைத் தேடி வந்து மீனைக் கொட்டினார்கள். எனக்கும் ஐஸ் நன்றாகப் போனது. அதனால் அவள் சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

ஹவுசிங் போர்டு வீட்டில் அவளும் நானும் ஒரே மாடி, ஒரே சுவர். புருஷன் காலமாகி, மகள் கஜா கல்யாணமாகி எண்ணூருக்குப் போன பிறகு அக்கா தனியாகத்தான் இருந்தாள். அந்தச் சுவர் எந்த ரகசியத்தையும் வைத்துக்கொள்ளாது. ஒருநாள் ராத்திரி என் மனைவி, "பக்கத்து வூட்ல பூனை பூந்துகினு கத்துது" என்றாள். காதை வைத்துக் கேட்டேன். பூனை இல்லை. அக்காவின் நெஞ்சு. விசில் ஊதுவதுபோல மெல்லிசாக இழுத்துக்கொண்டிருந்தது. ஊரையே அடக்குகிற குரல் வருகிற இடத்திலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மறுநாள் என் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் அக்கா குனிந்து நிற்பதைப் பார்த்தேன். கையில் நீலமாக ஒரு பம்ப். வாயருகே வைத்து அடித்தாள், புஸ் என்றது. இன்னொரு தடவை. பிறகு முந்தானையில் முடிந்துகொண்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

"மூக்குப்பொடி" என்றாள்.

"வாய்லயா போடுவாங்க?"

"உனக்கு இன்னா நைனா, உன் ஐஸ ஒட."

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு இருந்திருக்கிறது. பிறந்தது எண்ணூர்ப் பக்கம். அங்கே காயப்போட்ட துணியை எடுக்கும்போது உதறினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கும். இந்தப் பக்கம் வந்தால் கன்டெய்னர் லாரிகளின் புகை. இழுப்பு அவளோடு கூடவே வளர்ந்திருக்கிறது. ஆனால் துறைமுகத்தில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. ஏலக்காரிக்கு மூச்சு போதவில்லை என்று தெரிந்தால், எங்கே அவள் மூச்சு முட்டுவாள் என்று பார்த்துப் பார்த்து விலை கேட்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, வியாபாரம் அப்படி. அவள் பூட்டிய கதவுக்குள் அவளே மாட்டிக்கொண்டாள், சாவியும் அவளிடம் இல்லை. எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து அவள் ஏலத்தை நிம்மதியாகக் கேட்க முடியவில்லை. அவள் வாயைத் திறந்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

நீல பம்பை அவள் தெய்வம்போல நம்பினாள். அடித்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு லேசாகிவிடும், நம்பாமல் என்ன செய்வாள். ஒரு குவியலுக்கு முன்னால் அடிப்பாள், அடுத்த குவியலுக்கு முன்னால் அடிப்பாள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். கீழ் வீட்டுப் பெண் ஒருத்திக்குக் கொசுவர்த்திப் புகையில் மூச்சு முட்டியபோது, சர்க்கரை கடன் கொடுப்பதுபோல "இந்தா, நீயும் ஒரு இழுப்பு இழு" என்று தன் பம்பையே நீட்டினாள். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே நெஞ்சு படபடப்பு. இழுத்துவிட்டுப் பொழுதெல்லாம் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கஜா அதைக் கேள்விப்பட்டுத்தான் எண்ணூரிலிருந்து ஓடிவந்து, அம்மாவைப் பிடிவாதமாக அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். என் லோடு ஆட்டோவில்தான் போனோம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அவசரப்படவில்லை. ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார். அக்கா ஊதினாள். இன்னும் பலமாக என்றார். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது, கண் பிதுங்க ஊதினாள். டாக்டர் அளவைப் பார்த்துச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

"உங்களுக்கு மூச்சை இழுக்கிறது மட்டும் பிரச்சனை இல்லம்மா. உள்ள போற காத்து வெளிய வர்றதுதான் பெரிய கஷ்டம். மூச்சுக்குழாய் எல்லாம் வீங்கிச் சுருங்கிக் கெடக்கு. பழைய காத்து உள்ளயே மாட்டிக்கிது. அது எடத்தைப் புடிச்சிக்கிறதால புதுக் காத்துக்கு எடமில்ல."

அக்கா யோசித்தாள். "நண்டு புடிக்கிற கூண்டு மாதிரியா டாக்டர்? உள்ள போறதுக்கு வழி கீது, வெளிய வர்றதுக்கு இல்ல."

"அதேதான்" என்று டாக்டர் சிரித்தார்.

பிறகு பழுப்பு நிறத்தில் இன்னொரு பம்பை எடுத்துக் காட்டினார். நீலம் குழாயைச் சட்டென்று விரிக்கும், ஆனால் வீக்கத்தை ஆற்றாது. பழுப்பு வீக்கத்தை ஆற்றும், ஆனால் மெதுவாக. நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழுப்பைக் காலையும் மாலையும் எடுக்க வேண்டும், எடுத்தபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும். நீலம் முட்டுகிறபோது மட்டும். அது அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் உள்ளே நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம், உடனே வர வேண்டும். நீலத்துக்கும் அடங்காமல், ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாமல் போனால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் உட்காரக் கூடாது. ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இப்ப எப்படி அடிக்கிறீங்க, காட்டுங்க" என்றார்.

அக்கா அடித்துக் காட்டினாள். பாதி மருந்து நாக்கில் விழுந்தது, மீதி அடுத்த நொடியே வெளியே போய்விட்டது. டாக்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். ஒரு முனையில் பம்பைச் செருகி, மறுமுனையை வாயில் கவ்வி, மெதுவாக இழுத்து, மூச்சைக் கொஞ்சம் அடக்கிப் பிறகு விட வேண்டுமாம். அக்காவால் அடக்க முடியவில்லை. ஒரு குவியல் மீனை ஒரே மூச்சாக விற்றவள், ஐந்து எண்ணுவதற்குள் திணறினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"பேசும்போது நடுவுல நிறுத்தி மூச்சு வாங்குங்கம்மா" என்றார் டாக்டர்.

"வாங்குனா மீன் வுழுந்துடும் டாக்டர்."

டாக்டருக்குப் புரியவில்லை. கஜா விளக்க ஆரம்பித்தாள், அதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டார்.

பழுப்பை அக்கா அடித்தது கொஞ்ச நாள்தான். "அடிச்சா ஒண்ணுமே ஆவல நைனா. நீலம்னா நெஞ்சுல பட்டுனு தெரியுது. இது சும்மா காத்து" என்று சொல்லி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அதற்குத் தினம் குங்குமம் வைத்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. பிளாஸ்டிக் டப்பாவை ஏலத்துக்கு எடுத்துப்போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அது பரண்மேல் ஏறியது. நான் சொன்னேன், என் மனைவி சொன்னாள், கஜா போனில் அழுதாள். அக்காவிடம் சொல்வதும் என் மிஷினிடம் சொல்வதும் ஒன்றுதான்.

பம்பில் மருந்து இருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. உள்ளே இருக்கிற உலோகக் குப்பியைக் கழற்றி, ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுவாள். மூழ்கினால் நிறைய இருக்கிறது, தலையைத் தூக்கிக்கொண்டு நின்றால் பாதி, படுத்து மிதந்தால் தீர்ந்தது. வலைக்கு மிதவை கட்டிய வீட்டில் பிறந்தவள். மிதப்பது எது, முழுகுவது எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாமாம். எங்கள் பக்கத்தில் பம்ப் வைத்திருந்த மற்றவர்களும் அவளிடம் கொண்டுவந்து மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது.

பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. நீலத்தை அளவில்லாமல் அடித்தால் கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அதை மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டாள். கை ஆடினால்தான் திருப்தி.

ஏலத்தில் பெரிய மீன் வந்தால் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவது வழக்கம். ஒருநாள் ஒரு கொடுவாவைத் தூக்கினாள். கை நடுங்கிய நடுக்கத்தில் மீன் துடித்தது. கூட்டத்துக்கு ஒரே உற்சாகம். "உசிரோட கீதுடா!" என்று ஒருவன் கத்த, விலை சரசரவென்று ஏறியது. மீன் கொண்டுவந்த படகுக்காரனுக்கு முகமெல்லாம் பல். வேறு யாராக இருந்தாலும் அப்படியே விட்டிருப்பார்கள். நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஆட்டியிருப்பேன்.

அக்கா, குரலை நிறுத்தாமல், விலையோடு விலையாகச் சேர்த்தே சொன்னாள்: "செத்த மீனுதான், செத்த மீனுதான், ஆடறது என் கைதான், பாத்துக் கேளு, பாத்துக் கேளு..."

கூட்டம் சிரித்தது. விலை இறங்கியது. அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது அக்காவின் கை ஆடுகிறது என்று. ஏன் ஆடுகிறது என்று சிலர் கேட்க, வயசாச்சு என்று சொல்லிவிட்டாள். ஒரு பொய் சொல்லாமல் இருக்க இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது, அதில் அவளுக்கு அன்று முழுக்க மூட் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். மீன்பிடித் தடை முடிந்து படகுகள் போக ஆரம்பித்திருந்த நேரம். வெயில் ஏறிவிட்டது, ஊரெல்லாம் மீன் வாங்க வந்து குவிந்திருந்தது. தேசப்பன் என்று ஒரு சின்ன ஃபைபர் படகுக்காரர், வயதானவர். கொஞ்ச நாளாகவே வலையில் ஒன்றும் மாட்டாமல் வீட்டில் கஷ்டம். அன்றைக்கு அவருக்கு வஞ்சிரம் கிடைத்திருந்தது, ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்கு மேல். அக்காவின் முன்னால் கொட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா என் பெட்டிகளுக்குப் பின்னால் வந்தாள். பம்பை அடித்தாள். புஸ் என்றது. தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி அடித்தாள். உதடு ஒரு மாதிரி வெளுத்திருந்தது.

"யக்கா, இன்னிக்கு வேணாம். வேற யாரையாவது வுடச் சொல்லலாம்."

"தேசப்பன் என்ன நம்பிக் கொட்டிகீறாரு. நேத்துதான் தண்ணில போட்டுப் பாத்தேன். நின்னுச்சு. மருந்து கீது."

போய் நின்று ஆரம்பித்தாள். ஓட்டல்களுக்கு மீன் எடுக்கிற பாபு என்பவன் சும்மா ஆரம்பித்துவைக்க அடிமாட்டு விலை ஒன்று கேட்டான். எல்லா ஏலமும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அக்கா அந்த விலையைப் பிடித்துக்கொண்டு கூவினாள். கூவினாள். அடுத்தவன் வாயைத் திறக்கப் போனான்.

குரல் நின்றது.

நான் மிஷினை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று தெரியாது. அந்த மூலையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. அக்கா வாயைத் திறந்தபடி நின்றாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது, கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. எல்லோர் முன்னாலும் பம்பை எடுத்தாள். அடித்தாள், அடித்தாள், அடித்தாள். ஒவ்வொரு தடவையும் புஸ் என்று சத்தம் மட்டும் நன்றாக வந்தது.

முதலில் பேசியது பாபுதான். "அக்கா, நீ தண்ணி குடிச்சிட்டு வா. அப்பால மறுபடி ஆரம்பி. நான் கேட்டது கணக்கு இல்ல."

அக்கா தலையை ஆட்டினாள். பேச முடியவில்லை. குனிந்து, நடுங்குகிற இரண்டு கையாலும் பெரிய வஞ்சிரம் ஒன்றை எடுத்து, பாபுவின் கூடையில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். தேசப்பன் வந்து அவள் கையைப் பிடித்தார்.

"போவட்டும் அக்கா. மீன் வுழுந்துச்சு, ஒத்துக்கினேன். நீ வுடு. நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ."

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். சுற்றி நின்றவர்கள் அவளைப் படுக்கவைக்கப் பார்த்தார்கள். அவள் உதறினாள். படுத்தால் இன்னும் முட்டும் என்று ராத்திரிகளில் அந்தச் சுவர் எனக்குச் சொல்லித்தந்திருந்தது. "படுக்க வெக்காதீங்க, நவுருங்க, காத்து வுடுங்க" என்று கத்தி, நானும் பாபுவும் அவளை நிமிர்ந்த வாக்கில் லோடு ஆட்டோவில் ஏற்றினோம். முன்னால் குனிந்து ஐஸ் பெட்டியின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. எப்போதும் நிற்பதுதான். நாங்கள் இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். இந்தப் பக்கம் இரும்புச் சுவர், அந்தப் பக்கம் இரும்புச் சுவர், மேலே ஒரு கோடு வானம், எல்லா இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பாபு இறங்கி ஓடி, ஒவ்வொரு லாரியின் கதவையும் அடித்து டிரைவர்களைக் கெஞ்சினான். அடிமாட்டு விலைக்கு மீன் எடுத்தவன், சட்டையெல்லாம் நனைந்து, முகம் தெரியாதவர்களைக் கும்பிட்டுக்கொண்டு ஓடினான். பின்னாலிருந்து அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். இழுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தம் குறைய ஆரம்பித்தது. குறைகிறதே, தேவலை ஆகிறது போல என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் முகம் நீலம் பாய்ந்திருந்தது.

லாரிகள் ஒவ்வொன்றாக ஓரம் ஒதுங்கின. போய்ச் சேர்ந்தோம். பிழைத்தாள்.

அதே டாக்டர்தான். சத்தம் குறைந்தது நல்லதுக்கு இல்லை, காற்றே போகாததால் சத்தம் வரவில்லை என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பம்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதுல மருந்து எப்பவோ தீர்ந்துபோச்சு. மருந்து தீர்ந்தாலும் தள்ளுற வாயு கொஞ்சம் இருக்கும், புஸ்ஸுனு சத்தம் வரும். தண்ணியில மிதக்க வெச்சா ஒண்ணும் தெரியாதும்மா. எண்ணிக்கை காட்டுற பம்பா வாங்கிக்குங்க" என்றார். அக்கா ஆக்ஸிஜன் மூடிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடல்காரர் வீட்டுப் பெண்ணை ஒரு கிண்ணம் தண்ணீர் ஏமாற்றியதுதான் அவளுக்கு ரொம்ப அவமானமாக இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

தேறிவந்த பிறகு எங்கள் மூலைக்காரர்கள் கூட்டமாக வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தேசப்பன்தான் பேசினார். சட்டத்தை மாற்றிவிட்டோம், இனிமேல் நடுவில் மூச்சு வாங்கலாம், மீன் விழாது, நீ வந்து நில் என்றார்.

அக்கா நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "எனக்கு மூச்சு முட்டுதுன்னு... மாத்துவீங்க. நாளைக்கு ஒருத்தன்... முட்டற மாதிரி நடிப்பான். நீங்க தேசப்பா... திரும்ப கையப் பெசஞ்சிகினு நிப்பீங்க."

"அப்ப நீ எப்டிக்கா ஏலம் வுடுவ?"

"வுடமாட்டேன்."

அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கோபம் வரும்.

கஜா அம்மாவை எண்ணூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு நல்ல வஞ்சிரத்தை ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். சின்ன அறை. வள்ளூர்ப் பக்கத்துக் காற்று அடித்தால் சாம்பல் வருகிறது என்று ஜன்னல் மூடியிருந்தது. மூடினால் புழுக்கம். கட்டிலில் அக்கா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக் டப்பா, பழுப்பு பம்ப், குங்குமம் இல்லாமல்.

"காலைல, சாயங்காலம், ஒயுங்கா இஸ்துகினு வாயக் கொப்புளிக்கிறேன்" என்று பரீட்சையில் தேறியவள்போலச் சொன்னாள். "படுத்துத் தூங்கறேன் நைனா. எவ்ளோ வருசமாச்சு. நீலம் சும்மாதான் கெடக்குது. எத்தினி பாக்கின்னு அதுலயே நம்பர் காட்டுது." கை ஆடவில்லை. முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. ஆனால் அந்த அறைக்குள் அவள் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. கெட்டுப்போன மூச்சுக்குழாய் முழுக்கப் பழைய நிலைக்குத் திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மீனை எடுத்துக் காட்டினேன். செவுளைத் தூக்கிப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். சட்டென்று கட்டிலை விட்டு எழுந்தாள். வாலைப் பிடித்துத் தூக்கினாள்.

"இன்னா கேக்கற?"

"யக்கா, உனக்குத்தான் கொண்டாந்தேன்."

"கேளு நைனா."

விளையாட்டு என்று நினைத்து, வழக்கம்போல அடிமாட்டு விலை ஒன்று கேட்டேன். அக்கா ஆரம்பித்தாள். அதே தகரம். மூடிய ஜன்னல் அதிர்ந்தது. சமையல்கட்டிலிருந்து கஜா ஓடிவந்து வாசற்படியில் நின்றுவிட்டாள். நான் விலையைக் கூட்டினேன். நான் கத்துகிறபோது, என் சத்தத்துக்கு அடியில் அவள் காற்றை இழுத்தாள். பழைய திருட்டுத்தனம். இன்னும் கூட்டினேன், இன்னும் உரக்கக் கத்தினேன், அவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று. அவள் சிரித்துக்கொண்டே கூவினாள்.

பிறகு குரல் நின்றது.

நான் கவனிக்காதவன்போல மேலே மேலே விலை சொன்னேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். கட்டிலில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து, ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி மெதுவாகக் காற்றை வெளியே விட்டாள். அவசரப்படவில்லை. கூண்டிலிருந்து வரவேண்டியதெல்லாம் வந்த பிறகு சொன்னாள்.

"வுழுந்துச்சு. எடுத்துனு போ."

"யக்கா, இது உனக்கு..."

"எனக்கும் அதான்."

துட்டைக் கேட்டு வாங்கினாள். வாங்கி, வித்தவனும் நீதான் என்று என் இன்னொரு கையில் வைத்தாள். மீனைத் துணியில் சுற்றி, ஐஸையும் மறக்காமல் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். கஜா என்னைப் பார்த்தாள், வேண்டாம் என்று தலையாட்டினாள், மறுக்காதே என்று அர்த்தம். அக்கா ஏலம் விட்டு நான் கேட்டது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு சில வருஷம் இருந்தாள், நன்றாகவே இருந்தாள், ஆனால் நான் மீன் கொண்டுபோகவில்லை, அவளும் கேட்கவில்லை.

திரும்பும்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. ஐஸ் உருகி என் மடியில் சொட்டியது. பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்சம் அழுதேன்.

வீட்டில் மனைவி துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குன்னு எடுத்துனு போன மீன ஏன் திருப்பி எடுத்துனு வந்த?" என்று கேட்டாள்.

"ஏலத்துல எடுத்தேன்" என்றேன்.